பக்கப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்குவோர் அதனை மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டுவருவது நம் பங்குகளில் இன்றும் மாறாத வழக்கம். கைப்பிடியில் மாலை தொங்கும். இளைஞரின் முகத்தில் மகிழ்ச்சி. அவர் தாயின் முகத்தில் மகிழ்ச்சியோடு சிறிது அச்சம். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஓர் இளைஞரிடம், தீர்த்தம் தெளித்து முடித்ததும், "பக்கப்பெட்டியைத் திற தம்பி, பார்ப்போம்" என்றோம். அவர் சற்றுத் திகைத்துச் சாவியைத் திருப்பினார். உள்ளே காப்பீட்டுத் தாளின் நகலும், வண்டி துடைக்கும் மஞ்சள் துணியும் மட்டுமே இருந்தன. வண்டியோடு கொடுத்த கருவிப்பை எங்கே என வினவினோம்.

"வீட்ல பரண் மேல கெடக்கு சாமி. அது எதுக்கு? போன் போட்டா மெக்கானிக் வந்துருவாரு."

அவர் தந்தையும் ஆமென்று தலையசைத்தார். நாமும் சிரித்து வழியனுப்பிவிட்டோம். மாலையும் கழுத்துமாக நிற்கும் வண்டிக்கு முன் நின்று சொல்லத் தக்க செய்தியன்று நம் மனத்தில் இருந்தது. ஆயினும் அவர் கூறியதில் பாதி உண்மையும் பாதி ஆபத்தும் கலந்திருப்பது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறோம்.

1997ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்று இரண்டாம் ஆண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தின் உட்பகுதியில், ஒன்பது கிளைக்கிராமங்களைக் கொண்ட ஒரு பங்கிற்கு அனுப்பப்பட்டோம். நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தை பழைய 350 சி.சி. புல்லட் ஒன்றை விட்டுச் சென்றிருந்தார். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் பயின்ற நமக்கு, ப்ளக்கைக் கழற்றுவது எப்படி என்று அங்கே எவரும் கற்பிக்கவில்லை. எனினும் அவர் விட்டுச்சென்ற வண்டியோடு ஒரு கருவிப்பையும் இருந்தது. ஸ்பேனர்கள் பல; திருப்புளிகள் சில; டயர் நெம்பும் லீவர் இரண்டு; பேட்ச், சொல்யூஷன், காற்றடிக்கும் பம்ப். அந்தப் பை இருக்கின்றது என்னும் எண்ணமே நமக்குப் பெருந்துணையாக இருந்தது. அதைத் திறந்து பார்த்தது ஓரிரு முறைதான்.

அப்பகுதியை அறிந்தவர்களுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரம் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிக்கொண்டு சாலை வரை கிளை நீட்டி நிற்கும். விறகு ஏற்றிய வண்டி சென்ற வழியெல்லாம் முள் சிந்திக் கிடக்கும். காய்ந்த முள் இரும்பு ஆணிக்கு இளைத்ததன்று.

புரட்டாசி மாதத்து இரவு ஒன்றில், பத்து மணிக்கு மேல், உபதேசியார் மிதிவண்டியில் வந்து கதவைத் தட்டினார். பதினேழு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிளைக்கிராமத்தில் முதியவர் ஒருவர் உயிர் ஊசலாடும் நிலையில் இருப்பதாகவும், சாமியாரைக் கேட்பதாகவும் சொன்னார். எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரைப் பின்னே அமர்த்திப் பத்தரைக்குப் புறப்பட்டோம். ஒன்பதாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் பாம்புபோல் நெளியத் தொடங்கியது.

நாம் கலங்கவில்லை, பைதான் இருக்கின்றதே! உபதேசியார் டார்ச் பிடிக்க, டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, உதட்டருகில் பிடித்துப் பார்த்து ஓட்டையைக் கண்டோம். தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டி, ட்யூபை உள்ளே திணித்துக் காற்றடித்து முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. அந்த வேலையை நம் கையாலேயே முடித்தோம் என்ற பெருமிதத்தோடு கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர் சென்றதும் மீண்டும் அதே நெளிவு.

இரண்டாம் முறை டயரைத் திறந்தபோது, முதல் பேட்சுக்கு அருகிலேயே புதிய துளை. உபதேசியார் டயரின் உட்புறத்தில் விரலை ஓட்டினார். "சாமி, முள்ளு உள்ளயே இருக்கு" என்றார். வெளியே முறிந்து, டயரோடு டயராகத் தேய்ந்துபோன முள்ளின் முனை உட்புறத்தில் நெல்மணியளவு நீட்டிக்கொண்டிருந்தது. ட்யூபைச் சீர்செய்த நாம், அதைக் குத்திய முள்ளைத் தேடவே இல்லை. இனி என்ன, எடுத்தெறிந்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்றால், சொல்யூஷனின் மூடியை முதல் முறையே இருட்டில் மணலில் தவறவிட்டு, மூடியில்லாமல் அங்கிப் பைக்குள் செருகியிருந்தோம். அது முழுவதும் வழிந்து துணியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் சாய்த்துவிட்டு, எஞ்சிய ஆறு கிலோமீட்டரையும் நடந்தோம். சேர்ந்தபோது மணி இரண்டு. முதியவர் ஒரு மணிக்கே இறந்திருந்தார். முதல் ஒட்டு நின்றிருந்தால் பன்னிரண்டேகாலுக்குள் சேர்ந்திருப்போம். இந்தக் கணக்கை இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டோம். அவருடைய மனைவி எழுந்து வந்து, "நடந்தா வந்தீக சாமி? காலுக்குத் தண்ணி தரட்டுமா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வண்டியை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, பேருந்து நிலையத்தருகே பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக்கிடம் கொண்டுசேர்த்தோம். ஊரார் அனைவருக்கும் அவர் 'பாய்'தான், நமக்கும் அவ்வாறே. நடந்ததைக் கேட்டவர், வண்டியைத் தொடவில்லை, பையைக் கேட்டார். ஒரு சாக்கை விரித்து அதிலிருந்த அனைத்தையும் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து, "இத வச்சு நீங்க என்ன செஞ்சிருக்கீங்க சாமி?" என்று வினவினார். நாம் பயன்படுத்தியவை ஒரு பக்கம், பயன்படுத்தாதவை மறுபக்கம் எனப் பிரித்து வைத்தார். இரண்டாவது குவியல் மூன்று மடங்கு பெரிதாயிருந்தது. "இது சுமை" என்றார் அதைக் காட்டி.

பின்னர் அவர் இட்ட கட்டளையே இக்கட்டுரையின் சாரம். "நாளைக்கு உங்க வீட்டு முத்தத்துல, இந்தப் பைய மட்டும் வச்சுக்கிட்டு பின்சக்கரத்தக் கழட்டி மாட்டுங்க. நடுவுல வீட்டுக்குள்ள போயி எதையாச்சும் எடுத்தீங்கன்னா, அது பையில இல்லாத சாமான். அத எழுதி வச்சுக்கிடுங்க."

செய்தோம். நான்கு முறை வீட்டுக்குள் சென்றோம். முதலாவது, சக்கரத்தின் அச்சு நட்டைத் திருப்பும் அளவில் ஸ்பேனரே பையில் இல்லை. பழைய புல்லட்டில் அங்குலக் கணக்கு நட்டும் மில்லிமீட்டர் கணக்கு நட்டும் கலந்து கிடக்கும் என்பதும் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. பெரிய ஸ்பேனர் கிடைத்தபின், அதன் பிடி குட்டையாயிருந்ததால் நட்டு அசையவில்லை; ஒரு சாண் நீள இரும்புக் குழாயைப் பிடியில் செருகியதும் இளகிற்று. இரண்டாவது, ஸ்டாண்டு மணலில் புதைந்து வண்டி சாய்ந்தது. அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு தேவைப்பட்டது. மூன்றாவது, நட்டுக்குக் காவலாய் நிற்கும் சிறிய ஸ்ப்ளிட் பின் கழற்றும்போதே முறிந்தது. நான்காவதாக எடுக்கச் சென்றது ஒரு பழைய தட்டு. கழற்றிய வாஷரும் நட்டும் மணலில் உருண்டு ஓட, அவற்றைத் தேடியே அரைமணி கழிந்தது. இவற்றுள் ஒன்றையேனும் கடைக்காரர் எவரும் கருவிப்பைக்கான பொருளென்று நமக்கு விற்றிருக்க மாட்டார்.

இனிப் பையில் வைக்கத் தக்கவற்றைப் பற்றி. ட்யூப் உள்ள சக்கரமாயின், பஞ்சர் வேலையே முதன்மையானது. லீவர் இரண்டன்று, மூன்று வேண்டும். இரண்டு நெம்பிய இடத்தைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது முன்னேறும். டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கம் தளரும். இதை அறியாதவர்களே முழு பலத்தோடு நெம்பி ட்யூபைக் கிழிக்கின்றனர். திரும்ப மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகில் முடிக்க வேண்டும். அதற்குமுன் ட்யூபுக்குச் சிறிது காற்றூட்டி உருண்டையாக்கிக்கொண்டால் லீவரின் நுனியில் அது சிக்காது. ஒட்டும்போது உப்புத்தாளால் நன்கு தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடமேனும் உலரவிட வேண்டும். ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் நில்லாது. அவசரத்தில் மனிதனால் செய்ய இயலாத ஒரே வேலை, ஐந்து நிமிடம் சும்மா இருப்பது!

ட்யூபை உள்ளே செலுத்துமுன் டயரின் உட்புறம் முழுவதும் ஒரு துணியை ஓட்டிப் பார்க்க வேண்டும். முள்ளோ கம்பியோ இருந்தால் துணி மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும், விரல் கிழியாது. அதைப் பிடுங்குதற்கு மூக்கு நீண்ட குறடு வேண்டும். ஒரு முள்ளைக் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது. சக்கரத்தின் முழுச்சுற்றும் பார்க்க வேண்டும். இப்பத்தியை எழுதும்போதும் நம் விரல் நுனி தானே அசைகின்றது.

சொல்யூஷன் ஒருமுறை திறந்தால் சில மாதங்களில் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். ஆகவே திறவாத புதியது ஒன்று எப்போதும் பையில் இருத்தல் வேண்டும். பம்பின் வாய் நம் வண்டியின் வால்வுக்குப் பொருந்துகின்றதா என்பதையும் முன்னரே சோதித்தல் நன்று. மிதிவண்டியின் வால்வு வேறு, மோட்டார் சைக்கிளின் வால்வு வேறு. தொலைதூரம் செல்வோர் ஒரு மாற்று ட்யூபை உடன் கொண்டுசென்றால், சாலையோரத்தில் ஒட்டும் வேலையே இல்லை. ஆனால் முள்ளைத் தேடும் வேலை அப்போதும் உண்டு.

அடுத்தது சங்கிலி. அறுந்துபோகும் சங்கிலியை இணைக்கச் செயின் லாக் ஒன்று போதும். தீப்பெட்டியில் அடங்கும் பொருள். அதன் மேலுள்ள கவைபோன்ற கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், ஓட்டத்தில் எதிலேனும் உரசிக் கழன்று விழும்.

கிளட்ச் கேபிள் அறுவது பழைய வண்டிகளில் அடிக்கடி நிகழ்வது. பாய் நமக்குக் கற்பித்த முறை எளிது: புதிய கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே வண்டியில் கட்டி, இரு முனைகளையும் நீர் புகாமல் மூடி வைத்துவிடுவது. அறுந்தால், முனைகளை மாற்றி மாட்டினால் தீர்ந்தது. டாங்கியைக் கழற்ற வேண்டிய வேலையில்லை. கேபிளே இல்லாத நிலையிலும் வீடுவந்து சேரலாம். நியூட்ரலில் இயந்திரத்தை ஓடவிட்டு, வண்டியைத் தள்ளி ஓட்டம் பிடித்ததும் கியரைத் தட்டினால் அது ஏற்றுக்கொள்ளும். கடைத்தெருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இயந்திரம் நின்றுபோனால், பையைத் திறக்குமுன் சோதிக்க வேண்டியவை சில உண்டு. பெட்ரோல் குழாய் ரிசர்வில் திருப்பப்பட்டிருக்கின்றதா? டாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கின்றதா? துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. மூடியைச் சற்றே தளர்த்தினால் வண்டி கிளம்பிவிடும். கைப்பிடியிலுள்ள சிவப்பு நிறுத்து பொத்தான் எவர் கையேனும் பட்டு அமுங்கியிருக்கின்றதா? திருவிழாக் கூட்டத்தில் நிறுத்திய வண்டியைச் சிறுவர்கள் தடவிப் பார்த்துச் சென்றபின், உரிமையாளர் அரைமணி நேரம் உதைத்து வியர்த்து நின்றதை நாம் பார்த்திருக்கின்றோம். உதைத்தவருள் நாமும் ஒருவர்.

இவையனைத்தும் சரியாயிருந்தால் ப்ளக்கைக் கழற்றலாம். அதற்கெனத் தனி ஸ்பேனர் வேண்டும், வேறெதுவும் ஆகாது. கழற்றிய ப்ளக்கை அதன் மூடியில் செருகி, உலோக உடல் இயந்திரத்தில் படுமாறு வைத்து உதைத்தால் பொறி தெரிய வேண்டும். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடிய ராஜ்தூத், ஜாவா போன்ற வண்டிகளில் ப்ளக்கின் இரு முனைகளுக்கிடையே கரித்துகள் பாலம்போல் படிந்து பொறியை நிறுத்திவிடுவதுண்டு. ஒரு கம்பியால் சுரண்டினால் வண்டி ஓடும். அவ்வினத்து வண்டிகளை அன்புடன் பேணி இன்றும் ஓட்டுவோர் உளர். மாற்று ப்ளக் வைப்போர் அதனை அட்டைப்பெட்டியோடு துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஸ்பேனர்களுக்கிடையே உருளும் ப்ளக்கின் முனை வளைந்துவிடும்.

பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளுக்கு ஒரு குறிப்பு. அந்தப் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். அதை அளக்கும் தகடு கையில் இல்லையெனில், கனமான விசிட்டிங் கார்டு ஒன்று ஏறத்தாழ அவ்வளவு பருமனுள்ளது. திருமண அழைப்பிதழின் அட்டையும் உதவும். பங்குத்தந்தையின் சட்டைப்பையில் அதற்கு என்றும் பஞ்சமில்லை.

ஃப்யூஸ் இரண்டு, அதே ஆம்பியர் அளவில். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்துவிட்டு, ஒயர் முழுவதும் கருகியபின் வருந்துவோரைக் கண்டிருக்கின்றோம். இன்சுலேஷன் டேப் ஒரு சுருள், கட்டுக்கம்பி இரண்டு முழம், பழைய ட்யூபிலிருந்து வளையங்களாக வெட்டிய ரப்பர் ஒரு கைப்பிடி: இவை மூன்றும் கழன்று தொங்குவன யாவற்றையும் வீடு சேரும்வரை பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது துணி துவைக்கும் பார் சோப்பின் ஒரு துண்டு. பெட்ரோல் டாங்கியில் மெல்லிய கசிவு கண்டால், சோப்பை அழுத்தித் தேய்த்துவிடலாம். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. அதே சோப்பை நனைத்து டயரின் விளிம்பில் தடவினால் அது வழுக்கிக்கொண்டு ரிம்மில் உட்காரும். வேலை முடிந்ததும் கையையும் கழுவிக்கொள்ளலாம். ஓரணாப் பெறாத பொருள் மூன்று வேலை செய்கின்றது. ஆயின் டாங்கிக் கசிவுக்கு இது பட்டறை வரை செல்வதற்கான வழி மட்டுமே. சோப்பை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவது அறிவீனம். வேலை செய்யுமிடத்தில் பீடி சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வருவோரையும் தொலைவில் நிறுத்த வேண்டும்.

வைக்க வேண்டாதவை: இருபத்துநான்கு துண்டு ஸ்பேனர் செட், பெரிய சுத்தியல், எந்த நட்டுக்கும் ஆகுமென்று விற்கப்படும் மலிவான முறுக்குக் கருவிகள். மட்டமான இரும்பில் செய்த ஸ்பேனர் வாய் விரிந்து நட்டின் முனைகளை மழுக்கிவிடும்; பின்னர் பட்டறைக்காரரும் கைவிரிப்பார். தம் வண்டியிலுள்ள நட்டுகளின் அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவ்வளவுகளுக்கு மட்டும் நல்ல ஸ்பேனர்களை வாங்கினால் ஐந்தாறிலேயே அடங்கும். அவற்றைத் தடித்த துணியில் வரிசையாக அறை தைத்துச் சுருட்டிக் கட்டினால், சலசலப்பும் இராது. இருட்டில் விரித்தால் எது இல்லை என்பதும் உடனே தெரியும். இவ்வேலையில் நம் பங்குத் தையல் வகுப்புச் சகோதரிகளின் கை நமக்கு உதவிற்று.

காலம் மாறிவிட்டதே என்பீர்கள். மாறியது உண்மை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின், கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்து, பெட்ரோலைக் கணக்கிட்டுத் தெளிக்கும் மின்னணு முறை வந்துவிட்டது. அவ்வண்டிகளில் பாயிண்டும் இல்லை, சுரண்டுவதற்கு அதிகமும் இல்லை. பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்பே ஓடாதாகையால், தள்ளிக் கிளப்பும் பழைய உபாயமும் பெரும்பாலும் பலிக்காது. அத்தகைய கோளாறுகளுக்கு மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைக்கத்தான் வேண்டும். அவ்விளைஞர் கூறியதில் உண்மையான பாதி அதுவே. அலாய் சக்கரங்களில் ட்யூப் இல்லாத டயர் வந்துவிட்டதால், துளையை அரத்தால் துருவிப் பசை தடவிய ரப்பர் திரியைச் செருகிவிட்டால் சக்கரத்தைக் கழற்றாமலே பத்து நிமிடத்தில் கிளம்பலாம். திரியும் அதைச் செருகும் ஊசியும் ஒரு கையில் அடங்கும். காற்றடிக்க ஒரு பம்பும் வேண்டும் என்பதைப் பலர் மறக்கின்றனர். கைபேசியும் இன்று ஒரு கருவியே. கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் எந்த வாஷர் எப்பக்கம் என்னும் குழப்பம் இராது. நாம் அன்று மணலில் கோடு கிழித்து நினைவில் வைத்ததை விட அது மேலானது.

ஆனால் முள் மாறவில்லை. கம்பி ஆரமுள்ள சக்கரங்களோடு, ட்யூபோடு ஓடும் வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் ஏராளம். இரவு பத்து மணிக்குமேல் எத்தனை பட்டறைகள் திறந்திருக்கின்றன என்பதும் நாமறிந்ததே. கைபேசிக் கோபுரத்தின் கை எட்டாத கண்மாய்க்கரைகள் இன்னமும் உண்டு.

நாம் இன்று ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத் தொடக்கத்திலும் திருவருகைக் காலத்திலும், பையைத் திறந்து முற்றத்தில் கொட்டுகின்றோம். சொல்யூஷன் மாறும், டார்ச்சின் பேட்டரி மாறும், துருப்பிடித்த ஸ்பேனர் எண்ணெய் பெறும். மூடிகள் தொலையாதிருக்க ஒரு சிறு எவர்சில்வர் தட்டும் உள்ளே இருக்கின்றது.

சென்ற மாதம், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின், அந்த இளைஞரைப் பரண்மேல் கிடந்த பையோடு வரச் சொன்னோம். மேலும் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்கக் கூடினர். பாய் காலமாகிவிட்டார், அவர் இட்ட கட்டளையை அப்படியே அவர்களுக்கு இட்டோம். பின்சக்கரத்தை இந்தப் பையைக் கொண்டு மட்டும் கழற்றுங்கள், வீட்டுக்குள் எவரும் வரக்கூடாது என்றோம். முதல் பத்து நிமிடம் சிரிப்பும் கேலியுமாகச் சென்றது. பின்னர் அமைதி. அச்சு நட்டுக்கான ஸ்பேனர் பையில் இருந்தது, அளவும் சரியே. ஆனால் நட்டுக்கு எதிரே சைலன்சர் குறுக்கே நின்றதால் அதைக் கால்சுற்றுகூடத் திருப்ப இயலவில்லை. இளைஞர் குந்தி அமர்ந்து, சாய்ந்து, படுத்தும் பார்த்தார்.

"இது இங்க சுத்தாது சாமி. குழாய் ஸ்பேனர் வேணும்."

தாளும் பேனாவும் கொடுத்தோம். அளவைப் பார்த்து எழுதிக்கொண்டார்.